இரண்டாம் எபிசோடில் செத்தவன்: எக்ஸ்-மென் கார்ட்டூன் பிறந்த கதை

1954-இல் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்து ஒரு படம் வந்தது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல், மு. கருணாநிதியின் வசனம், எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கம். எம்.ஜி.ஆர். நடித்த அந்த நாயகனுக்கு ஒரே உடம்பில் மூன்று ஆள். சட்டத்துக்கு அவன் மலைக்கள்ளன், ஊருக்கு அப்துல் ரஹீம், உண்மையில் குமாரவீரன். போலீஸ் அவனைத் துரத்தியது, ஏழைகள் அவனைக் கொண்டாடினார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படமானது ‘மலைக்கள்ளன்’. அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று சுற்றி வந்தது. ஒளிந்து வாழும் நாயகனை நெஞ்சில் வைத்துக்கொள்ள ஜனங்கள் தயார் என்பது கொங்கு மண்ணில் நிரூபணமாகிவிட்டது. ஊரே வெறுக்கும் நாயகர்கள் என்றால்? அதுவும் ஒருவரல்ல, ஒரு கூட்டமே என்றால்? அந்த விஷப்பரீட்சையை ஒன்பது ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஓர் ஊரில் வேறொருவர் எழுதிப் பார்த்தார்.

ஊர் நியூயார்க். ஆள் மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீ. 1963-இல் அவருக்கு ஒரு தொழில் சங்கடம் இருந்தது. ஒவ்வொரு நாயகனுக்கும் சக்தி வந்த காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருவனைச் சிலந்தி கடித்தாயிற்று, இன்னொருவன் மேல் காமா கதிர் பாய்ந்தாயிற்று. இனி எதைக் கடிக்க விடுவது? யோசித்துச் சலித்தவர் குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். சக்தி பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் காரணமே தேவையில்லை. ஓவியர் ஜாக் கிர்பி படம் வரைய, பிறவியிலேயே மாறுபட்ட ஐந்து பிள்ளைகளும் அவர்களைச் சேர்த்து வளர்க்கும் பேராசிரியர் சேவியரும் உருவானார்கள். லீ வைத்த பெயர் ‘தி மியூட்டன்ட்ஸ்’, பிறவியில் மாறியவர்கள். அந்தச் சொல் வாசகர்களுக்குப் புரியாது என்று பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் மறுத்துவிட்டார். ‘எக்ஸ்-மென்’ என்று மாற்றிக் கொடுத்தார் லீ, குட்மேன் சம்மதித்தார். பெயருக்கு விழுந்த அந்த முதல் மறுப்பு, இந்தக் கூட்டம் வாழ்நாளெல்லாம் சந்திக்கப்போகும் மறுப்புகளுக்கு முன்னோட்டமாக அமைந்தது.

சோம்பலில் பிறந்த யோசனைக்குள் லீயே எதிர்பாராத ஆழம் இருந்தது. சிலந்தி கடித்தவனை விபத்தில் சிக்கியவன் என்று உலகம் ஏற்றுக்கொள்ளும். பிறப்பே வேறாக இருப்பவனை என்ன செய்யும்? பயப்படும், ஒதுக்கும், பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லும். பிறப்பை வைத்து மனிதனை அளக்கும் எந்த ஊருக்கும் இந்தக் கதை பொருந்தும். ஆனால் அன்றைய அமெரிக்க வாசகர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. விற்பனை மெல்லச் சரிந்தது. 1970-இல் 66-ஆம் இதழோடு புதுக் கதைகள் நின்றன. பழைய கதைகளையே மறுபதிப்பாக ஓட்டினார்கள். எக்ஸ்-மென் கூட்டம் உயிரோடு புதைக்கப்பட்டதுபோல் ஆனது.

அவர்கள் தூங்கிய அந்த இடைவெளியில்தான் தமிழில் ஒரு கதவு திறந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் தமிழ் பேசத் தொடங்கினான். அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் நரைத்த பிறகும் விடவில்லை. 2005-இல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழாவில், ஆகஸ்டில் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் கூடி, எந்தக் கதை வேண்டும், எது வேண்டாம் என்று ஆசிரியரிடமே வாதாடுவது பின்னாளில் வழக்கமானது. சித்திரக்கதையைப் படிப்பவர் வாய்மூடி இருப்பவரல்லர் என்பதற்கு ஈரோடு ஒரு சாட்சி. அதே விதி அமெரிக்காவில் ஒரு செத்த பாத்திரத்தின் உயிரோடு விளையாடப் போகிறது என்பதை 1972-இல் யாரும் ஊகித்திருக்க முடியாது.

புதைத்த கூட்டத்தைத் தோண்டி எடுத்தது, வேறோர் இடத்தில் வேண்டாம் என்று தள்ளப்பட்ட ஒரு படம். டேவ் காக்ரம் என்ற ஓவியர், நீலத் தோலும் கூர்வாலுமாக ஒரு பாத்திரத்தைப் போட்டி நிறுவனமான டிசிக்காக வரைந்து வைத்திருந்தார். அங்கே அது எடுபடவில்லை. 1975-இல் எழுத்தாளர் லென் வெய்னோடு சேர்ந்து புது எக்ஸ்-மென் கூட்டத்தை அமைத்தபோது காக்ரம் அந்தப் படத்தை உள்ளே கொண்டுவந்தார். அவன்தான் ஜெர்மனியின் நைட்கிராலர். ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்டார்ம், ரஷ்யாவிலிருந்து கொலோசஸ், கனடாவிலிருந்து நகம் நீட்டும் வுல்வரின் என்று கூட்டம் உலகளவில் விரிந்தது. அதன்பின் கிறிஸ் கிளேர்மான்ட் பதினாறு ஆண்டுகள் விடாமல் எழுதினார். நின்றுபோன இதழ் அமெரிக்காவின் முன்னணி காமிக்ஸ் ஆனது. 1991-இல் வந்த புதிய ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இவ்வளவு ஜனம் விரும்பும் கதையைத் தொலைக்காட்சி வாரி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

1984-இல் மார்வெலின் கார்ட்டூன் தயாரிப்பு நிறுவனத்துக்குத் தலைவரானார் மார்கரெட் லோஷ். எக்ஸ்-மென் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. ஒவ்வொரு சேனலாக ஏறி இறங்கினார். சனிக்கிழமை காலை கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் பொம்மையும் போதும் என்பது அன்றைய கணக்கு. ஒதுக்கப்பட்டவர்களின் வேதனையையும் கோபத்தையும் காலை ஆகாரத்தோடு யார் பார்ப்பார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பணம் தர யாரும் இல்லாதபோது லோஷ் துணிந்து ஒரு வேலை செய்தார்.

அப்போது அவருடைய நிறுவனம் ‘ரோபோகாப்’ கார்ட்டூனைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் 13-ஆவது எபிசோடுக்கு வைத்திருந்த பணத்தைத் திருப்பி, எக்ஸ்-மென்னுக்கு ஒரு மாதிரி எபிசோடு எடுத்தார்கள். ஜப்பானின் டோயெய் ஸ்டுடியோ அருமையாக வரைந்து கொடுத்தது. 1989-இல் ‘பிரைட் ஆஃப் தி எக்ஸ்-மென்’ ஒளிபரப்பானது. ஆனால் பார்த்த ரசிகர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். கனடாக்காரனான வுல்வரின் அதில் ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசினான். கதையும் காமிக்ஸின் கனத்தை எட்டவில்லை. எந்தச் சேனலும் தொடராக வாங்கவில்லை. கோனாமி நிறுவனத்தின் 1992-ஆம் ஆண்டு வீடியோ கேமுக்கு அது சாயல் கொடுத்தது, அத்தோடு சரி. ஒரு தொடரின் பணத்தை இன்னொன்றுக்குப் போட்டும் கைகூடாத நிலையில், 1990-இல் லோஷ் மார்வெலை விட்டே வெளியேறினார். எக்ஸ்-மென்னுக்கு இருந்த ஒரே வக்கீலும் போய்விட்டதாகத்தான் தோன்றியது.

போனவர் உட்கார்ந்த நாற்காலிதான் கதையைத் திருப்பியது. ஃபாக்ஸ் நிறுவனம் புதிதாகத் தொடங்கிய குழந்தைகள் ஒளிபரப்புக்கு அவரே தலைவி. இத்தனை நாள் எந்தக் கதவைத் தட்டினாரோ அந்தக் கதவின் உள்பக்கம் இப்போது நின்றார். 13 எபிசோடுகளுக்கு உத்தரவு போட்டார். மேலிடத்துக்குத் திருப்தியில்லை, இது தோற்றால் வேலை போகும் என்று எச்சரிக்கப்பட்டதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். 1992 செப்டம்பரில் ஒளிபரப்பு என்று நாள் குறித்தாயிற்று. கையில் சில மாதங்களே இருந்தன. கதை எழுதவே இனிமேல்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

எழுத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்ற எரிக் லெவால்ட் எக்ஸ்-மென் காமிக்ஸில் ஊறியவர் அல்ல. இயக்குநர் லாரி ஹூஸ்டன் அதிலேயே ஊறியவர். ஒருவருக்குக் கதையின் நியாயம் முக்கியம், மற்றவருக்குக் காமிக்ஸின் உண்மை முக்கியம். இந்த இரண்டு பிடிவாதமும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தது: பிள்ளைகளுக்காகக் கதையின் கனத்தைக் குறைப்பதில்லை. மியூட்டன்ட்களைப் பதிவு செய்யும் சட்டம், அவர்களை வேட்டையாடும் சென்டினல் இயந்திரங்கள், வீட்டைவிட்டு ஓடும் ஜுபிலி என்ற பெண் பிள்ளை என்று முதல் கதையே கனமாக அமைந்தது. இந்த ஆபத்து விளையாட்டல்ல என்று பார்ப்பவர்களை நம்ப வைக்க வேண்டும். அதற்கு என்ன வழி என்று குழு யோசித்தது. கிடைத்த விடை சனிக்கிழமை காலைக் கார்ட்டூன் உலகம் கேட்டாலே பதறும் விடை. குழுவில் ஒருவரைக் கொன்றுவிடலாம்.

யாரைக் கொல்வது? காமிக்ஸில் இறந்த தண்டர்பேர்ட் முதலில் பேச்சில் வந்தான். கூட்டத்தில் இருக்கும் ஒரே அமெரிக்கப் பழங்குடி நாயகனைச் சாகடிப்பது முறையல்ல என்று அதைக் கைவிட்டார்கள். 1968-லேயே காமிக்ஸில் மாண்டுபோய், வாசகர்களில் பலருக்கு நினைவிலேயே இல்லாத சேஞ்ச்லிங் என்ற பாத்திரத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்தப் பெயரில் டிசியிடம் ஏற்கெனவே ஒருவன் இருந்ததால் பெயரை மாற்றினார்கள். எந்த உருவமும் எடுக்கக்கூடியவன், எல்லாரையும் சிரிக்க வைப்பவன், வுல்வரினின் உயிர் நண்பன். பெயர் மார்ஃப். பிறக்கும்போதே சாவு நாள் குறிக்கப்பட்ட பாத்திரம் அது. இரண்டாம் எபிசோடோடு அவன் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

குரல் கொடுக்க டொரான்டோ நகரத்துக் கலைஞர்களைத் தேர்ந்தார்கள். வுல்வரினின் உறுமலுக்குப் பாடகர் கால் டாட் கிடைத்தார். ரோக் பாத்திரத்துக்கு லெனோர் ஸான் வந்தார். ரான் வாசர்மன் அமைத்த கிடார் முழக்கம் தலைப்பிசையானது. படங்களை வரையும் வேலை தென்கொரியாவின் ஏகாம் ஸ்டுடியோவுக்குப் போனது. கலிஃபோர்னியாவில் கதை, கனடாவில் குரல், கொரியாவில் படம் என்று மூன்று நாடுகளில் ஒரே நேரத்தில் வேலை ஓடியது. செப்டம்பர் வந்தது. கொரியாவிலிருந்து பெட்டியும் வந்தது. திறந்து ஓட்டிப் பார்த்தவர்கள் அதிர்ந்துபோனார்கள்.

முதல் கதையில் நூற்றுக்கணக்கான பிழைகள். திருத்த நேரமில்லை. குறித்த செப்டம்பர் ஒளிபரப்பு தவறியது. வேறு வழியின்றி, அக்டோபர் 31-ஆம் தேதி முன்னோட்டம் என்ற பெயரில் முதல் பகுதியைப் பிழைகளோடே ஒளிபரப்பினார்கள். பிழைகளைத் திருத்திக் கொடுக்க ஏகாம் தயங்கியது, ஒப்பந்தமே ரத்தாகும் என்று ஃபாக்ஸ் மிரட்டிய பிறகே சம்மதித்தது. திருத்திய வடிவம் 1993-இல்தான் திரைக்கு வந்தது. ஆக, ஊர் முதலில் பார்த்தது அரைகுறைப் படம். லோஷின் வேலை, லெவால்டின் பிடிவாதம், முப்பது ஆண்டுப் பழைய கனவு எல்லாம் அந்த அரைகுறைப் படத்தின் மேல் தொங்கின. பார்த்தவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள்?

அவர்கள் பிழைகளைப் பற்றிப் பேசவில்லை. மார்ஃபைப் பற்றிப் பேசினார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் திரையில் தங்களுக்குப் பிடித்தவன் சாவதைப் பார்த்திருந்தார்கள். நண்பனை விட்டுவிட்டு வந்தோமே என்று வுல்வரின் குழுத் தலைவன் சைக்ளாப்ஸை அடித்தது அவர்களுடைய சொந்தக் கோபமாகவே இருந்தது. தொடர் சனிக்கிழமைக் காலையின் முதலிடத்துக்கு ஏறியது. அந்த வெற்றியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் தயாரிப்பாளர்களை விடாமல் துரத்தியது. மார்ஃப் உண்மையிலேயே செத்துவிட்டானா?

கொல்வதற்கென்றே படைத்தவனை என்ன செய்வது? பார்வையாளர் கருத்துக்குப் பணிந்து சும்மா உயிர்ப்பித்தால், மரணத்தால் கிடைத்த கனம் வீணாகும். காதில் வாங்காமல் இருந்தால், தொடரை நேசித்தவர்களை அவமதித்ததாகும். எழுத்தாளர்கள் மூன்றாவது வழியைப் பிடித்தார்கள். 1993 அக்டோபரில் இரண்டாம் சீசனின் முதல் கதையில் மார்ஃப் திரும்பினான். சிரிப்போடு அல்ல, பழிவாங்கும் வெறியோடு வந்தான். மிஸ்டர் சினிஸ்டர் என்ற வில்லன் அவனைப் பிழைக்க வைத்து, மனத்தைக் குலைத்து, தன்னைக் கைவிட்டுப் போன நண்பர்கள் மீதே ஏவியிருந்தான். அவன் குணமாக ஆண்டுகள் பிடித்தன. ரசிகர்கள் கேட்டது கிடைத்தது, அதற்கான விலையையும் கதை வசூலித்தது. பார்வையாளர் கருத்தை ஒரு கார்ட்டூன் இவ்வளவு மரியாதையாக நடத்துவது அபூர்வம்.

முதலில் 65 எபிசோடுகளோடு முடிவதாக இருந்த தொடர் 76 வரை நீண்டது. நடுவில் 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவாலானது. கடைசி எபிசோடுகளை வேறு ஸ்டுடியோ வரைந்தது, முகங்கள்கூட மாறிப்போயின. 1997 செப்டம்பர் 20-ஆம் தேதி, அடிபட்ட சேவியர் தன் பிள்ளைகளிடம் விடைபெற்று வேற்றுலகம் போக, தொடர் முடிந்தது. கார்ட்டூன் சேர்த்து வைத்த கூட்டம் வீணாகவில்லை. 2000 ஜூலையில் எக்ஸ்-மென் திரைப்படம் வந்து, இன்றைய சூப்பர் ஹீரோ பட அலைக்கு வழிவிட்டது. கார்ட்டூனோ அலமாரிக்குப் போனது. 2001-இல் ஃபாக்ஸின் குழந்தைகள் ஒளிபரப்புச் சொத்துகளை டிஸ்னி வாங்கியபோது அந்த அலமாரியும் கைமாறியது. எக்ஸ்-மென்னின் அடுத்த சுவடு வேறு திசையில், கொங்கு நாட்டுக்குப் பக்கத்திலேயே தென்பட்டது.

கோவையில் ரயிலேறி, வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓர் இரவில் சேரும் ஊர் திருவனந்தபுரம். அங்கே டெக்னோபார்க்கில் 1999-இல் தொடங்கியது டூன்ஸ் அனிமேஷன். 2003-இல் தெனாலிராமன் கதைகளைத் தொடராக்கி கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடவிட்ட ஸ்டுடியோ அது. விகடகவியின் கதை சொன்னவர்களைத் தேடி வந்த இன்னொரு பெரிய வேலை ‘வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்’. மார்வெலோடு டூன்ஸ் கூட்டுத் தயாரிப்பாளராக நின்றது. தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெய்க் கைல் முன்பே இன்னொரு எக்ஸ்-மென் கார்ட்டூனுக்காக எக்ஸ்-23 என்ற சிறுமியைப் படைத்தவர். கார்ட்டூனில் பிறந்து காமிக்ஸுக்குப் போன அந்தச் சிறுமிதான் 2017-இல் ‘லோகன்’ படத்தில் உலகத்தை அழ வைத்தாள். 2008-இல் தொடங்கிய டூன்ஸ் தொடர் 26 எபிசோடுகளில் பாராட்டு வாங்கியது. கடைசிக் காட்சியில் பெரும் வில்லன் அபோகலிப்ஸ் எழுந்து நின்றான். அடுத்த சீசன் என்ன ஆகுமோ என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். நிதி ஏற்பாடு முறிந்தது. இரண்டாம் சீசன் வரவே இல்லை.

ரசிகர் கருத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அது காட்டியது. கருத்து பாத்திரத்தைப் பிழைக்க வைக்கும், பணத்தைப் புரட்டித் தராது. ஆனால் 1992-இல் மார்ஃபுக்காகக் கலங்கிய பிள்ளைகள் வளர்ந்து கொண்டிருந்தார்கள். சிலர் எழுத்தாளர்கள், சிலர் ஓவியர்கள், பலர் மாதச் சந்தா கட்டும் பார்வையாளர்கள். பழைய தொடர் டிஸ்னியின் இணையத் திரையில் கிடைக்கத் தொடங்கியபோது, அதைத் தேடிப் பார்க்கும் கூட்டம் கலையாமல் இருப்பது தெரிந்தது. 2021 நவம்பரில் டிஸ்னி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. புதுக் கதை அல்ல, புதுத் தொடக்கமும் அல்ல. 1997-இல் விட்ட இடத்திலிருந்து தொடரப் போகிறார்கள்.

2024 மார்ச் 20-ஆம் தேதி ‘எக்ஸ்-மென் ’97’ வந்தது. அதே கிடார் முழக்கம், அதே மஞ்சள் உடை. கால் டாட் மீண்டும் உறுமினார். இடையில் கனடா நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு வந்த லெனோர் ஸான் மீண்டும் ரோக் ஆனார். லெவால்டும் ஹூஸ்டனும் ஆலோசகர்களாகத் துணை நின்றார்கள். பல சேனல்கள் வேண்டாம் என்று திருப்பிய கதை, பணம் இல்லாமல் இன்னொரு தொடரின் பங்கில் பிறந்த கதை, பிழைகளோடு முகம் காட்டிய கதை, இருபத்தேழு ஆண்டு இடைவெளியைத் தாண்டி அடுத்த தலைமுறையின் முன்னால் நின்றது.

முதல் எபிசோடில் குழு அணிவகுத்தபோது சைக்ளாப்ஸ், ஸ்டார்ம், வுல்வரின், ரோக், பீஸ்ட் இவர்களோடு இன்னொருவரும் இயல்பாக நின்றார். புதிதாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது இன்னொரு நாயகப் பாத்திரம், ஆதியிலிருந்தே குழுவில் இருப்பவர். அவர்தான் மார்ஃப். எழுதியவர்கள் இரண்டாம் எபிசோடில் முடித்துவிட்ட உயிரை, பார்த்தவர்கள் முடிக்க விடவில்லை. வேறாகப் பிறந்தவர்களை ஒதுக்காதே என்று சொல்லப் பிறந்த கதையில், ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கு இடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் அந்தக் கதையைப் பார்த்த பிள்ளைகள்தான். மலைக்கள்ளனைக் கொண்டாடிய கோவைக் கொட்டகைக் கூட்டமும், ஈரோட்டில் ஆசிரியரோடு வாதாடும் காமிக்ஸ் வாசகர்களும் சேர்ந்த அதே ஜாதி அது. நாயகர் குழுவுக்கு ஆள் எடுக்கும் கடைசி அதிகாரம் எப்போதும் அவர்களிடம்தான் இருந்தது.